அந்த இன்னொரு கைக்குக் கூலி எங்கே?

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்று வைத்தால் நெசவு மூன்று நாடாக்களின் வேலையாகிவிடுகிறது. உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைகளுக்கும் தலா ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு இழையும் மற்றதைப் பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இதைத்தான் கோர்வை என்கிறார்கள். சேலை நைந்தாலும் கரை பிரிந்து வராது என்ற காஞ்சிப் பட்டின் பெயர் இந்தப் பிடிப்பில்தான் நிற்கிறது. தறியில் உட்கார்ந்து மிதியை மிதிப்பவரின் இரண்டு கைகளுக்குள் இந்த வேலை அடங்காது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒரு கரையின் நாடாவை வாங்குவதும் திருப்பித் தருவதுமாக இருக்க வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளோ இருபது நாளோ, சேலை முடியும்வரை அவருக்கும் அதே நேரம், அதே கண் உழைப்பு, அதே முதுகு வலி. ஆனால் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கும்போது கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ்புக்கிலும் தனியார் முதலாளியின் கணக்கு நோட்டிலும் ஒரு பெயர்தான் ஏறுகிறது. இரண்டாவது ஆள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். காஞ்சிப் பட்டு பிழைக்க வேண்டுமென்று பேசுகிற எல்லோரும் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு இவருடையது. அதைத் தீர்க்காமல் வடிவமைப்புப் பயிற்சி, கண்காட்சி, தள்ளுபடி என்று எதைச் செய்தாலும் கோர்வை நிலைக்காது.

பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்களில், குறிப்பாகப் பிள்ளையார்பாளையத்தில், தறி இருக்கும் வீட்டில் முதல் குடித்தனக்காரர் தறிதான். மிதிகளுக்காகத் தரையில் குழி வெட்டியிருக்கும். ஜக்கார்டு பெட்டி ஏறும் அளவுக்குக் கூரை உயரமாக இருக்க வேண்டும். மனிதர்கள் மிச்ச இடத்தில் சமைத்து, சாப்பிட்டு, தூங்கிக்கொள்கிறார்கள். வீட்டின் மிகப் பெரிய அறையைத் தொழிலுக்கு வாடகையின்றிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கான செலவைக் குடும்பமே ஏற்கிறது. அதற்கு மேல், தறியில் ஏறுமுன் பட்டுக்கு நடக்கும் வேலைகள் ஒரு பட்டியலுக்குள் அடங்குவதில்லை. சாயம் தோய்த்து வந்த பட்டை ராட்டையில் இழைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். சரிகை சிக்காமல் பார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட வேண்டும். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைக்க வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பிட்னி வேலை வரும். உடல் பாவுக்குப் பதிலாக முந்தானைப் பாவை இழை இழையாகக் கோத்து மாற்ற வேண்டும். அந்த மாற்றம் நடக்கும் நேரத்தில் சேலை ஒரு விரற்கடைகூட வளராது. இவற்றில் சிலவற்றுக்கு வெளியாளுக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலேயே நடந்தால் பல வேலைகளுக்குக் கணக்கே கிடையாது. கூலி என்பது 'ஒரு சேலைக்கு இவ்வளவு' என்று பேசப்படுவதால், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டியதில்லை.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்ற வரி வருகிறது. அரசு எண்ணியது தறியைத்தான். விஜயநகரக் காலத்தில் காஞ்சியின் நெசவுச் சமூகமான கைக்கோளர்களுக்குச் சங்கும் பல்லக்கும் பயன்படுத்தும் உரிமை இருந்ததையும், மற்ற ஊர்க்காரர்கள் அதையே எடுத்துக்காட்டித் தங்களுக்கும் கேட்டதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. மரியாதை சமூகத்துக்குக் கிடைத்தது. வரி தறிக்கு விழுந்தது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டிலும் இல்லை. இன்றைய கணக்கெடுப்பு அந்த அளவில் முன்னேறியிருக்கிறது. 2019-20இல் வெளியான நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியது. அவர்களில் 26.73 லட்சம் பேர் நெய்பவர்கள், 8.48 லட்சம் பேர் பாவோட்டுவது, தார் சுற்றுவது போன்ற துணைவேலை செய்பவர்கள். மொத்தத்தில் 25.46 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர், பெண்கள். ஆக, துணைவேலை செய்பவரும் தொழிலாளிதான் என்பதை அரசின் ஆவணமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது: நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இது நாடு முழுவதற்குமான கணக்கு. பருத்தித் துண்டு நெய்பவரும் இதில் இருக்கிறார், பட்டு நெய்பவரும் இருக்கிறார். காஞ்சியின் பட்டுக் கூலி இதைவிட மேல் என்று ஒருவர் சொல்லலாம். சொல்லும்போது அந்தக் கூலியை இரண்டால் வகுத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாவது இருக்கையில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிறுவர்கள். அதைச் சொல்லாமல் காஞ்சிப் பட்டின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற சர்வதேச அமைப்பு 1996இலும், பட்டுத் தொழிலைப் பற்றித் தனியாக 2003இலும் வெளியிட்ட அறிக்கைகள் காஞ்சிபுரத்தின் பெயரைக் குறிப்பிட்டே பேசின. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை அவை பதிவு செய்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. பிறகும் ஏன் இப்படி? 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், குடும்பத்தாரின் துணையோடு உரிமையாளரே நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது என்று ஒரு விலக்கு இருந்தது. தறியோ வீட்டுக்குள் இருந்தது. சட்டம் வாசற்படியோடு நின்றுகொண்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. அப்போதும் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. பள்ளிச் சேர்க்கையாலும் தொடர்ந்த கண்காணிப்பாலும் காஞ்சித் தறிகளிலிருந்து சிறுவர்கள் பெருமளவுக்கு எழுந்து போனார்கள். இந்த ஊருக்கு நடந்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால் அவர்கள் எழுந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்குக் கூலி வைத்து ஆள் தேடாமல், வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துச் சமாளித்தார்கள். அவரும் கிடைக்காத வீடுகளில் கோர்வையை விட்டுவிட்டு ஒருவரே நெய்யக்கூடிய சேலைக்கு மாறினார்கள். கோர்வை குறைந்துவருவதற்கு ரசனை மாறியதைக் காரணமாகச் சொல்பவர்கள் இந்தக் காலி இருக்கையைப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதும் இந்த வாதத்தின் பகுதிதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் பெருகின. காஞ்சிபுரத்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் ஓடுகின்றன. ஒப்பந்த வேலையாக இருந்தாலும் அங்கே நேரத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. வைப்புநிதிப் பிடித்தம் உண்டு. ஈஎஸ்ஐ அட்டை உண்டு. ஒரே வீட்டில் இருபத்திரண்டு வயது மகனுக்குத் தொழிலாளி என்று நிரூபிக்கும் ஆவணம் இருக்கும். முப்பது வருடம் கரைக்கு நாடா தள்ளிய தாய்க்கு அப்படி ஒரு தாளும் இருக்காது. அடுத்த தலைமுறை தறிக்கு வர மறுப்பதை ஆர்வக்குறைவு என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பெற்றோரின் உழைப்பில் பாதி கணக்கில் வராததைக் கண்ணால் கண்டே அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்யும் வேலையைச் சட்டம் பிடிக்க முடியாது என்று சொல்வது வழக்கம். பிடிக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே கொண்டது. அவர்களுக்கும் வைப்புநிதிச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. திருநெல்வேலியிலும் வேலூரிலும் பீடி சுற்றும் பெண்கள் அடையாள அட்டையும் வைப்புநிதியும் பெற்றது அந்த வழியில்தான். பீடி இலையைத் திண்ணையில் சுருட்டும் கைக்குப் பொருந்தும் நியாயம், பட்டு இழையைக் கூடத்தில் கோக்கும் கைக்குப் பொருந்தாமல் போக ஒரு காரணமும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழி வேலைக்கென்றே 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் குஜராத்தின் சேவா அமைப்பு முக்கியமானது. அப்படியிருந்தும் இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஜப்பான் 1970இலேயே வீட்டுவழி வேலைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. நமக்கு அதில் பாடமாக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பொருளைக் கொடுத்து வேலை வாங்குபவர், வேலையின் விவரமும் கூலியும் எழுதிய கைப்பதிவேட்டைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னதோடு அச்சட்டம் நிற்கவில்லை. தொழிலாளியோடு ஒரே வீட்டில் வசித்து அவருக்கு வேலையில் உதவும் உறவினரையும் 'துணைவர்' என்று வரையறுத்து, வேலை நேரத்திலும் பாதுகாப்பிலும் அவரையும் கணக்கில் சேர்த்தது. கியோட்டோவின் நிஷிஜின் பகுதியிலும் நம்மைப் போலவே பட்டும் பொன்னிழையும் சேர்த்து வீட்டுத் தறிகளில் நெய்கிறார்கள். அங்கேயும் நெசவாளர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. சட்டம் அதை நிறுத்திவிடவில்லை. என்றாலும் தறிக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சட்டத்தில் ஒரு பெயராவது இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிகவும் வலுவானது விலையைப் பற்றியது. இரண்டு பேருக்குக் கூலி என்றால் சேலை விலை ஏறும், ஏற்கெனவே விசைத்தறிச் சேலையோடு போட்டிபோட முடியாத கைத்தறி அடியோடு சாய்ந்துவிடும் என்கிறார்கள். அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சேலையின் விலையை எது ஏற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரி ஆலை காஞ்சிபுரத்திலேயே இயங்குகிறது. அதன் தூய சரிகைக்கு அரசு வைத்த அளவு: நூற்றுக்கு வெள்ளி 40 பங்கு, தாமிரம் 35.5, பட்டு 24, தங்கம் அரைப் பங்கு. வெள்ளியும் தங்கமும் 2024, 2025 ஆண்டுகளில் ஏறிய ஏற்றத்தில் சரிகை விலையும் ஏறியது, சேலை விலையும் ஏறியது. வாங்குகிறவர்கள் முணுமுணுத்தபடியே வாங்கினார்கள். சிலர் குறைந்த சரிகைக்கு மாறினார்கள். தொழில் அதைத் தாங்கிக்கொண்டது. உலோகம் ஏறினால் சந்தை நிலவரம் என்று தலையாட்டுகிறோம், கூலி ஏறினால் மட்டும் தொழிலே போய்விடும் என்று பதறுகிறோம். அசல் கோர்வைச் சேலை வாங்குபவர் விலை மலிவுக்காக அங்கே வருவதில்லை. மலிவு வேண்டியவருக்குக் கடையில் வேறு அடுக்கு இருக்கிறது. கோர்வைக்குக் கொடுக்கும் பணம் உழைப்புக்காகத்தான் என்று தெரிந்தே கொடுக்கிறார். அந்த உழைப்பில் பாதியைச் செய்தவருக்கு அது சேர வேண்டுமென்று கேட்பது வாங்குபவருக்கும் நியாயமாகத்தான் படும். விசைத்தறியோடு உள்ள போட்டியைச் சமாளிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று வைத்தது. உச்ச நீதிமன்றம் 1993இல் அதை உறுதிசெய்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றை ஒழுங்காக அமல்படுத்தாமல், விசைத்தறி நகல் தாராளமாக விற்கும்படி விட்டுவிட்டு, அந்த நட்டத்தை வீட்டுப் பெண்ணின் கூலியில் ஈடுகட்டச் சொல்வது எந்த வகையில் சரி?

இரண்டாவது எதிர்வாதம் மென்மையானது, அதனாலேயே பதில் சொல்லக் கடினமானது. மனைவி கணவனுக்குத் தறியில் உதவுவது குடும்பப் பாசம், அதற்குப் போய் ரூபாய்க் கணக்கு எழுதுவதா என்கிறார்கள். பாசத்தை யாரும் மறுக்கவில்லை. உதவி என்பது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்ற இடத்தில் செய்வது. கோர்வையில் அவர் எழுந்துவிட்டால் தறி நின்றுவிடுகிறது. கூலி குடும்பத்துக்குத்தானே வருகிறது, யார் பெயரில் வந்தால் என்ன என்பது இதன் தொடர்ச்சி. பெயர் எங்கே முக்கியம் என்பது கூலி வாங்கும் நாளில் தெரியாது. சேமிப்புத் திட்டத்தில் பிடித்தம் உறுப்பினரின் கூலியிலிருந்து நடக்கிறது. முதியோர் ஓய்வூதியம் நெசவாளர் என்று பதிவானவருக்கு வருகிறது. காப்பீடும் கடனும் அதே பதிவைப் பார்க்கின்றன. கணவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகோ, அவர் இறந்த பிறகோ, அந்தப் பெண் ஒரு கவுன்டரின் முன் நின்று தானும் நெசவுத் தொழிலாளிதான் என்று சொல்ல நேரும். அப்போது அவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பெண்களே முதன்மை நெசவாளராகத் தறியேறும் வீடுகள் இப்போது கூடிவருகின்றன. அந்த வீடுகளில்கூட உறுப்பினர் அட்டை ஆணின் பெயரில் தொடர்ந்தால், அங்கே இரண்டு கைகளும் கணக்குக்கு வெளியே போய்விடும்.

வீட்டுத் தறியை ஒழித்துவிட்டுப் பொதுத் தறிக்கூடத்துக்கு மாறலாமே என்று கேட்பவர்களும் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்க்கதிர்ப்பூரில் அண்ணா பெயரில் கைத்தறிப் பட்டுப் பூங்கா அமைக்கப்பட்டிருக்கிறது. கூடத்தில் வெளிச்சமும் இடமும் நன்றாக இருக்கும். வேலை நேரம் தெரியும். இரண்டாவது ஆளுக்கும் தனியாக வருகைப் பதிவு இருக்க முடியும். போக விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அடுப்பையும் குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொண்டே தறிக்கும் வரும் பெண்ணுக்கு, ஊரைத் தாண்டிய கூடம் வேலையை விடுவதற்குச் சமம். அரசும் வீட்டுத் தறியை ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறது. கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. வீடு பட்டறைதான் என்று மின்வாரியக் கணக்கில் ஏறிவிட்டது, கூலிக் கணக்கில் மட்டும் ஏறவில்லை. ஒருவரே கோர்வை போடும்படி தறியை மாற்றலாம் என்ற முயற்சிகளையும் நான் எதிர்க்கவில்லை. உடல் நோவைக் குறைக்கும் எந்தக் கருவியும் வரட்டும். கருவி வந்தாலும் இழைப்பதும் தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் இருக்கத்தான் செய்யும். அந்த வேலைகளின் கணக்கு அப்போதும் பாக்கியாகவே நிற்கும்.

இன்னொரு சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் அதற்கு வரலாறு உண்டு. வீட்டுத் தொழிலை உயர்த்திப் பேசினால் பிள்ளைகளை மறுபடி தகப்பன் தொழிலுக்குள் தள்ளுவதாக ஆகாதா? 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்துப் போராடினார்கள். மறு ஆண்டு காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. கைவிட்டது சரி. அதே 1953இல் நெசவாளர் பட்டினியைப் பார்த்து, காஞ்சி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் அவருடைய இயக்கத்தாரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். தொழிலைக் காக்க வேண்டும், பிள்ளையை அதில் பூட்டக் கூடாது என்ற இரண்டு நிலைகளும் அன்றே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வளர்ந்தவரின் உழைப்புக்கு முழுக் கூலி கொடுப்பதுதான் பிள்ளையைத் தறியிலிருந்து நிரந்தரமாக விலக்கும் வழி. வீட்டு வேலைக்குக் கூலி இல்லாத இடத்தில்தான் சிறு கைகளுக்குத் தேவை வந்தது. கூலி கொடுத்து ஒரு ஆளை உட்கார வைக்க முடியுமென்றால் எந்தத் தாயும் தன் பத்து வயதுப் பிள்ளையை அங்கே கூப்பிடமாட்டாள்.

செய்ய வேண்டியது பெரிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய காரியமும் இல்லை. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பட்டையும் சரிகையையும் கிராம் கணக்கில் எடைபோட்டுக் கொடுத்து, சேலையாகத் திரும்பி வரும்போது மறுபடி எடைபோட்டு வாங்குகின்றன. பொருளில் கிராம் பிசகாமல் எழுதத் தெரிந்த சங்கத்துக்கு உழைப்பை எழுத முடியாது என்பதில்லை. கோர்வைச் சேலை என்றால் பாஸ்புக்கில் இரண்டு பெயர், இரண்டு வங்கிக் கணக்கு, கூலியில் துணையாளுக்கென்று பிரித்த ஒரு பங்கு. அந்தப் பங்கு இப்போதைய கூலியை அறுத்துக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. அதற்கு மேல் வர வேண்டும். இழைப்பு, தார், பிணைப்பு, பிட்னி ஆகியவற்றுக்கு வெளியாளுக்குக் கொடுக்கும் அதே விகிதம் வீட்டாளுக்கும். சேமிப்பும் ஓய்வூதியமும் இரண்டு பெயருக்கும். சேலையோடு வரும் புவிசார் குறியீட்டுச் சீட்டில் கோர்வையா இல்லையா என்பதைத் தெளிவாக அச்சிட்டால், கூடுதல் விலை எதற்கு என்பது வாங்குபவருக்கும் விளங்கும். சங்கங்கள் இதைத் தொடங்கினால் தனியார் முதலாளிகளிடம் கேட்பதற்கு நெசவாளர்களுக்கு ஒரு முன்மாதிரி கிடைக்கும். கூலி உயர்வுப் பேச்சு ஒவ்வொரு முறை நடக்கும்போதும் எத்தனை சதவீதம் என்ற கேள்வியோடு மேசையை விட்டு எழுந்துவிடுகிறார்கள். அடுத்த பேச்சில் சதவீதத்துக்கு முன்னால் பேச வேண்டியது யாருக்கெல்லாம் கூலி என்பது. அந்த மேசையில் துணையாளாக உட்காரும் பெண்களின் பிரதிநிதிகளுக்கும் நாற்காலி போட வேண்டும்.